பயனாளியின் பாதிப் போர்வை

மாமாவுக்கு டிரஸ்டி ஆபீஸ் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் காற்று என் அம்மா மீதும் படுகிறது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் மீது எழுந்த முதல் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டைக் கொண்டுவந்தவர் அந்த ஆபீஸின் கள ஆய்வாளர். இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஓர் அளவு டேப்பைச் செருகியிருப்பார். அம்மா அவருக்கு டேப்பு என்று பேர் வைத்திருந்தாள். அன்றைக்கு அவர் மாமாவின் அறை வாசலில் நின்று விசிறியைப் பார்த்தார். அது தலையைத் திருப்புகிற திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு டேப்பை உருவினார்.

"விசிறி இந்தப் பக்கமும் திரும்புதுங்களே."

"திரும்பும். அதுக்குத்தான் கழுத்து வச்சுப் பண்ணியிருக்கான்."

"பயனாளி அந்தப் பக்கம் இருக்காரு. காத்து இந்தப் பக்கமும் வருதே."

"வந்தா? பிடிச்சு மடிச்சு பீரோவுல வைக்கவா?"

"கோபப்படாதீங்கம்மா. கண்ணால பார்க்கிறதை எழுதறதுதான் என் வேலை."

"காத்தைக் கண்ணால பார்த்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். "உங்க முடி பறந்துதுங்க," என்றார்.

பயனாளி என்பது என் மாமா. அம்மாவின் அண்ணன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய உடம்பை வளரவிட்டு, மற்றதையெல்லாம் இருந்த இடத்திலேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது. தாத்தா சாவதற்கு முன்னால் வீட்டையும் முன்பக்கத்துக் கடையையும் மாமா பேருக்கு எழுதி, நிர்வாகத்தைப் பொது அறங்காவலரின் மண்டல அலுவலகத்திடம் ஒப்படைத்தார். தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களின் சொத்தையும், கேட்க ஆளில்லாமல் செத்தவர்களின் சொத்தையும் பார்த்துக்கொள்கிற அரசாங்க ஆபீஸ் அது. கூடவே இருக்கிற மகளிடம் ஏன் ஒப்படைக்கவில்லை என்று யாரோ கேட்டதற்குத் தாத்தா, "இவ செத்துப்போயிடுவா. ஆபீஸ் சாகாது," என்றாராம். உண்மைதான். உயிர் இருப்பதுதானே சாகும்.

தாத்தா போன பிறகு கடை வாடகையை ஆபீஸ் வாங்கிக்கொள்ளும். மாமாவுக்கு என்ன வேண்டுமோ அதை ஆபீஸே வாங்கி அனுப்பும். மருந்து, செருப்பு, கட்டில், விசிறி. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கரில் ஓர் எண்ணும், 'பயனாளியின் தனிப் பயனுக்கு மட்டும்' என்ற வரியும் இருக்கும். இப்படி ஒரு விதி எழுதினவனை நான் முழுக்கத் திட்டமாட்டேன். தம்பியின் பேரில் பால் வாங்கித் தான் குடித்த அண்ணன்மாரையும், அத்தையின் கட்டிலில் தான் படுத்துக்கொண்டு அத்தையைத் தரையில் போட்ட மருமகன்மாரையும் அந்த ஆபீஸ் நிறையப் பார்த்திருக்கும். ஆனால் விதி எழுதினவன் என் மாமாவைப் பார்த்ததில்லை.

மாமாவால் எதையும் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. பிஸ்கட் கொடுத்தால் உடைத்துப் பாதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். "இந்தா," என்பார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச வார்த்தைகளில் அதிகம் புழங்குவது அதுதான். ஆப்பிள், சோப்பு, செய்தித்தாள் எல்லாம் பாதி. ஒரு தடவை என் தேர்வு நுழைவுச் சீட்டைக் கிழித்து, போட்டோ இல்லாத பாதியை எனக்கே தந்தார். நீட்டினதை வாங்கிக்கொள்ளாவிட்டால் தன் பாதியைத் தொடமாட்டார். கை ஓய்ந்தாலும் நீட்டினபடியே இருப்பார். தெருவில் அவருக்குப் 'பாதி' என்று பேர். அந்தப் பேரை அம்மாவின் காதுபடச் சொன்ன ஒரே ஆள் மூலை வீட்டுக்காரர். அம்மா அவரோடு பேச்சை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். நிறுத்துவதற்கு முன்னால் பேசியதை இங்கே எழுத முடியாது.

விசிறி விஷயம் ஓர் எச்சரிக்கையோடு போயிற்று. விசிறியின் கழுத்தைத் திருப்பாமல் பூட்டி வைக்கும்படி எழுதியிருந்தார்கள். அம்மா பூட்டினாள். மாமா எழுந்துபோய் விசிறியையே தூக்கி அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். யாருக்கும் காற்று வரவில்லை. விதிப்படி அது சரி.

அப்புறம் போர்வை வந்தது.

நல்ல கம்பளிப் போர்வை. குறை சொல்ல முடியாது. வந்த மறுநாள் மத்தியானம் அம்மா தையலை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாமா அவளுடைய பெரிய கத்தரிக்கோலை எடுத்து, போர்வையைக் குறுக்கே வெட்டி, பாதியை அவள் மேல் போர்த்திவிட்டுத் தன் பாதியைத் தான் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் காலேஜிலிருந்து வந்தபோது பார்த்த காட்சி இதுதான். அளந்து வைத்து வெட்டினது மாதிரி இருந்தது. அவ்வளவு நேராக எங்கள் வீட்டில் யாரும் எதையும் வெட்டினதில்லை, அம்மா உள்பட.

அம்மா எழுந்து பார்த்தாள். கம்பளி நூல் பிரிந்து போகுமே என்று இரண்டு பாதிகளின் வெட்டின ஓரத்தையும் மடித்து மெஷினில் அடித்துவிட்டாள். தையல்காரியின் கை சும்மா இருக்காது. அவள் செய்த தப்பு அந்தத் தையல்தான்.

அடுத்த ஆய்வில் டேப்பு போர்வையை விரித்து அளந்தார். திரும்ப அளந்தார். மாமாவின் காலையும் அளந்துவிடுவாரோ என்று இருந்தது.

"இது பாதிதாங்க இருக்கு."

"மீதி என் கட்டில்ல இருக்கு. அவர்தான் வெட்டிக் குடுத்தாரு," என்றாள் அம்மா.

"வெட்டினது அவரு. சரி. ஓரம் அடிச்சது?"

"நான்."

"அப்ப திட்டம் போட்டுப் பண்ணினதுங்களே இது." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கிழிஞ்சிருந்தா சேதாரம்னு எழுதிடுவேன். ஓரம் அடிச்சா அது உற்பத்திங்க."

"ஐயா, நூல் பிரிஞ்சா ரெண்டு பேருக்குமே போர்வை இல்லாம போயிடும். அதுக்குத்தான் அடிச்சேன்."

"இன்னொண்ணு. ஸ்டிக்கர் உங்க பாதியில இருக்கு. அதனால எங்க கணக்குல போர்வைங்கறது உங்ககிட்ட இருக்கறதுதான்."

"அவர்கிட்ட இருக்கறது?"

டேப்பு மாமாவின் மடியைப் பார்த்தார். "அடையாளம் இல்லாத துணிங்க," என்றார்.

மாமா அவரைப் பார்த்துச் சிரித்து, அந்த அடையாளம் இல்லாத துணியின் ஒரு மூலையை இழுத்து, "இந்தா," என்றார்.

கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. பயனாளியின் சொத்து உறவினரால் அனுபவிக்கப்படுவதாகத் தெரிகிறது. நேரில் விசாரணை நடக்கும். உறுதியானால் பயனாளி, அலுவலகம் ஒப்பந்தம் செய்திருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப்படுவார். வீடு வாடகைக்கு விடப்படும். அதாவது மாமாவை மாமாவின் வீட்டிலிருந்து மாமாவின் நன்மைக்காக வெளியே அனுப்புவார்கள். அந்த இல்லத்தை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம். வரிசையாகக் கட்டில்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் போகிறார்கள். சாப்பிட்டாலும் எடுத்துப் போகிறார்கள், சாப்பிடாவிட்டாலும் எடுத்துப் போகிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"தட்டை எடுத்துடுவானா? இவர் நீட்டின கை நீட்டினபடியே இருக்கும், அவன் தட்டை எடுத்துடுவானா?"

"மா, கத்தாத. மாமா பார்க்கறாரு."

"பார்க்கட்டும். அவருக்காகத்தான் கத்தறேன். வேற யாருக்காகக் கத்தப் போறேன், உனக்காகவா? நீ என்ன படிச்சுக் கிழிச்ச? இதுக்கு ஒரு சட்டம் கிடையாதா?"

"நான் விலங்கியல் படிக்கறேன் மா."

"அப்ப உனக்குத்தான் அந்த ஆபீஸைப் பத்தி நல்லாத் தெரியணும்."

விசாரணைக்கு மூன்று பேரும் போனோம். அம்மா மாமாவுக்கு முகம் மழித்து, தலை வாரி, புதுச் சட்டை போட்டு அழைத்து வந்தாள். ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கவுண்டர் கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையை இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். அதனால் அங்கே யார் வந்தாலும் வணங்கித்தான் பேச வேண்டும். காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் கம்பிக் கதவுக்குப் பின்னால், செத்துப்போனவர்களின் சாமான்கள் வாரிசுக்காகக் காத்திருந்தன. குடைகள், கைத்தடிகள், பல்செட்டுகள், ஒரு சக்கர நாற்காலி. ஒவ்வொன்றிலும் சீட்டு. அவற்றைத் தூசி தட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் ஒரு கால் ஆடியது.

துணை அறங்காவலர் ஒரு பெண். அம்மா வயதுதான் இருக்கும். கோபமே வராத குரல். அந்த மாதிரிக் குரலோடு சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துவது போல. நமக்குத்தான் மூச்சு வாங்கும். டேப்பு சுவரோரம் நின்றிருந்தார்.

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"தங்கச்சி."

"அது உறவு. வீட்டுல நீங்க என்ன நிலையில இருக்கீங்க?"

"பெரும்பாலும் நின்ன நிலையில."

மேடம் சிரிக்கவில்லை. "வாடகை குடுக்கறீங்களா?"

"இல்ல."

"பார்த்துக்கறதுக்குச் சம்பளம் வாங்கறீங்களா?"

"அண்ணனைப் பார்த்துக்கச் சம்பளமா?"

"வாடகை குடுத்தா வாடகைதாரர்னு போடலாம். சம்பளம் வாங்கினா பணியாளர்னு போடலாம். ரெண்டும் இல்லாம ஒருத்தர் பயனாளியோட வீட்டுல இருந்தா, அவங்களை ஆக்கிரமிப்பாளர்னுதான்..."

"தங்கச்சின்னு போடுங்க."

"அந்த வகை எங்ககிட்ட இல்லைம்மா."

"அப்ப சம்பளக்காரின்னு போட்டுக்குங்க. சம்பளம் வேண்டாம்."

"உறவினரைப் பணியாளரா வைக்க விதியில இடமில்ல. சொந்தக்காரங்களுக்கே வேலை குடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு விசிறி எல்லார் மேலும் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

மேடம் பேனாவைத் திறந்தார். "உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லைம்மா. ஒரு விஷயம் மட்டும் தெரியணும். இவர் தானாப் பங்கு குடுக்கறாரா, இல்ல குடுக்கணும்னு நீங்க பழக்கி வச்சிருக்கீங்களா? நீங்க இல்லாதப்ப சாப்பிடறாரான்னு பார்த்துடலாம்."

பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு அறை. அதில் மாமாவை உட்கார வைத்து, முன்னால் ஒரு பன்னும் ஒரு கப் டீயும் வைத்தார்கள். டேப்பு சாட்சியாக எதிரே உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம்.

"அவருக்குச் சக்கரை இருக்கு மேடம்," என்றாள் அம்மா. "காலையில மாத்திரை போட்டாச்சு. நேரத்துக்கு உள்ள போகலைன்னா கை நடுங்க ஆரம்பிச்சுடும்."

"சாப்பிட வச்சிருக்கே. சாப்பிடட்டும்."

மாமா பன்னைப் பார்த்தார். சந்தோஷமாக எடுத்தார். நடுவில் பிளந்து, பெரிய பாதி எது என்று பார்த்து, அதை டேப்பிடம் நீட்டினார். கண்ணாடி வழியே சத்தம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உதடு அசைந்தது. "இந்தா."

டேப்பு இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"அவரை வாங்கிக்கச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"வாங்கக் கூடாது. பயனாளிகிட்டேயிருந்து ஊழியர் ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கக் கூடாது. வேலை போயிடும்."

"அவர் வாங்காம இவர் சாப்பிடமாட்டாரு."

"அதைத்தாம்மா பார்க்கறோம்."

பார்த்தார்கள். மாமாவின் கை நீட்டினபடி இருந்தது. டேப்பு என்னவோ சொன்னார். சைகையில் சாப்பிடச் சொன்னார். தானே சாப்பிடுவது போல வாயை அசைத்துக் காட்டினார். மாமா அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பன்னை அவருடைய வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோனார். டேப்பு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பெரிய உடம்புக்காரர் ஒருவர் மேசைமேல் கவிழ்ந்து பன்னை நீட்ட, அரசாங்கம் சுவர்வரைக்கும் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வேறு யார் குடும்பமாவது இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

டீயில் ஆடை படிந்தது. மாமாவின் மணிக்கட்டு லேசாக ஆட ஆரம்பித்தது. பன்னின் துணுக்குகள் மேசையில் உதிர்ந்தன. அவர் முகத்தில் சிரிப்பு போய், என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாத குழப்பம் வந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை.

மேடம் எழுதினார். எனக்குத் தலைகீழாகப் படிக்க வரும். காலேஜில் கற்ற ஒரே உருப்படியான வித்தை. 'பயனாளி உணவை மறுத்தார்' என்று எழுதியிருந்தது. அம்மாவின் காதில் சொன்னேன்.

அம்மா எழுந்தாள்.

"நீங்க போனா சோதனை கெட்டுடும்," என்றார் மேடம்.

"கெடட்டும்."

கதவு சுவரில் மோதிக் கண்ணாடி முழுவதும் அதிர்ந்தது. அம்மா உள்ளே போய், மாமாவின் கையிலிருந்து அந்தப் பாதியைப் பிடுங்கி, முழுசாக வாயில் அடைத்துக்கொண்டாள். கன்னம் உப்ப, எங்களைப் பார்த்து நின்று மென்றாள். அவ்வளவு கோபமாக யாரும் பன் தின்று நான் பார்த்ததில்லை. மாமா சடாரென்று உட்கார்ந்து தன் பாதியைச் சாப்பிட ஆரம்பித்தார். பாவம், பசி. டீயில் பாதியைச் சாஸரில் ஊற்றி அம்மா பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க!" வாயில் பன்னோடு அம்மா சொன்னது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கவுண்டரில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "பயனாளியோட பன்னைத் தின்னேன்னு எழுதுங்க. அவரோட டீயைக் குடிச்சேன்னு எழுதுங்க. காத்து வாங்கினேன், போர்வை போத்தினேன், எல்லாத்தையும் எழுதுங்க. எழுதிட்டு இன்னொண்ணும் எழுதுங்க. ராத்திரி இவர் படுக்கையை நனைச்சா எழுந்து மாத்தறவ நான். அதுல பாதி யாராவது கேட்டீங்களா? இவர் கீழே விழுந்தா தூக்கி நிறுத்தறவ நான். அதுல பங்கு கேட்டு எந்த ஆபீசர் டேப்பைத் தூக்கிட்டு வந்தான்? அளக்கறதா இருந்தா அதையும் அளங்க! சக்கரை இறங்கி ஒரு மனுஷன் கை நடுங்கறது கண்ணெதிர்ல தெரியுது, மறுத்தாருன்னா எழுதறீங்க? மறுத்தது யாரு? அவரா?"

டேப்பு தரையைப் பார்த்தார்.

மேடத்தின் குரல் அப்போதும் மாறவில்லை. ஆனால் எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியை அடித்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு," என்றார். "பயனாளி உண்ண, உடுக்க, நடமாட இன்றியமையாததா எது இருந்தாலும் அதைத் துணைக்கருவின்னு சேர்க்கலாம். மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல், செவிக்கருவி மாதிரி. நீங்க இல்லாம இவர் சாப்பிடலைங்கறதை இப்ப நேர்ல பார்த்தாச்சு. துணைக்கருவி பயனாளியோட வீட்டுல இருக்கலாம். அது வாடகை குடுக்க வேண்டியதில்ல."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"மேடம், எங்கம்மாவைச் சாமான் பட்டியல்ல சேர்க்கறீங்களா?"

"பயனாளியோட நன்மைக்குத்தாம்பா."

"எந்த இடத்துல வருவாங்க?"

"ஊன்றுகோலுக்கு அடுத்து."

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?"

"எண் குடுப்போம். ஒட்டறது..." மேடம் டேப்பைப் பார்த்தார். "கட்டாயம் இல்ல."

"வருஷா வருஷம் தேய்மானம் போடுவீங்களே, அது?"

"எல்லாப் பொருளுக்கும் உண்டு. அது விதி."

"போட்டுக்குங்க. நீங்க போடாமலே பாதி தேஞ்சாச்சு."

"பையன்?" என்று டேப்பு மெதுவாகக் கேட்டார். "அவனும் அந்த வீட்டுலதான் இருக்கான்."

"உதிரி பாகம்," என்றேன் நான்.

"அவன் எதுக்கும் உதவ மாட்டான்," என்றாள் அம்மா.

கருவியோடு வந்த, பிரிக்க முடியாத இணைப்பு என்று என்னை எழுதிக்கொண்டார்கள். அம்மா கையெழுத்துப் போடும் முன்னால் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதுல போட்டா எங்கண்ணனைக் கொண்டுபோக மாட்டீங்கல்ல?"

"துணைக்கருவி பயன்பாட்டில் இருக்கறவரைக்கும் இடமாற்றம் கிடையாது."

போட்டாள். பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போனது. பஸ்ஸில் மாமா டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை நீட்டினபோது அம்மா வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. தாத்தாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. தெருவில் யாராவது நலம் விசாரித்தால், "துணைக்கருவி நல்லா ஓடுதுங்க," என்பாள். அவர்கள் சிரித்தால் முறைப்பாள்.

ஒரு நாள் குளியலறையில் வழுக்கிய மாமாவைத் தாங்கிப் பிடித்ததில் அம்மாவின் முட்டி பிசகிவிட்டது. வீங்கிப்போய்க் கால் ஊன்ற முடியவில்லை. வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊன்றுகோலுக்கு அடுத்த சாமான் பேசறேன். பழுதாயிடுச்சு. ரிப்பேர் பண்ணிக் குடுங்க."

என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. கேலியாகச் சொல்லவில்லை அவள். கட்டிலும் விசிறியும் பழுதானால் ஆள் அனுப்புகிறவர்கள் இதற்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்தாள்.

அனுப்பினார்கள். டேப்பு வந்தார். அம்மா காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கால்தான் மிதியை மிதித்தது. அவர் முட்டியைப் பார்த்தார். பெல்ட்டுக்குக் கை போனது. அம்மா பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது.

"மேடம் ரிப்பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க," என்றார். "மேல ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. நான் கேட்கலைங்க, அவங்க கேட்டிருக்காங்க."

"சொல்லுங்க."

"கருவி பழசா இருந்து, ரிப்பேர் செலவு ஜாஸ்தியா இருந்தா, ரிப்பேர் பண்ணக் கூடாதாம். மாத்திடணுமாம். மாத்தறவரைக்கும் பயனாளியை அந்த இல்லத்துல..." அவரால் முடிக்க முடியவில்லை.

மெஷின் நின்றது. மாமா கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். நான் டேப்பை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து என் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அம்மாதான் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மாத்தறதுன்னா எப்படி மாத்துவீங்க? ஒரு சாமானை மாத்தணும்னா உங்க ஆபீஸ்ல முதல்ல என்ன பண்ணணும்?"

"மூணு இடத்துல விலை விசாரிச்சு, எழுத்துல வாங்கி வைக்கணுங்க. அப்புறம்தான் உத்தரவு."

"எந்தச் சாமானா இருந்தாலுமா?"

"குண்டூசியா இருந்தாலும்."

"அந்த மூணு காகிதம் வர்றவரைக்கும்?"

"பழைய பொருளை எடுக்கக் கூடாதுங்க. பயனாளியையும் நகர்த்த முடியாது." சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்தார்.

"அப்ப போங்க," என்றாள் அம்மா. "போய் மூணு இடத்துல விசாரிங்க. எங்கண்ணனுக்கு ஒரு தங்கச்சி வேணும்னு கேளுங்க. முட்டி நல்லா இருக்கணும். ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு எழுந்திரிக்கணும். பாதி பிஸ்கட்டை எச்சின்னு சொல்லாம வாங்கித் திங்கணும். ஆபீஸ் ஆளுங்க பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டு உசுரோட இருக்கணும். விலை போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வாங்கிட்டு வாங்க. மூணும் கையில இல்லாம இந்த வாசப்படியை மிதிச்சீங்க, காலுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

டேப்பு சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்தார். வாசலில் நின்றே எழுதினார். முட்டி, ராத்திரி, பிஸ்கட். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதும்போது அவர் உதட்டின் ஓரத்தில் ஓடியது சிரிப்பா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"கோபம்?" என்று கேட்டார். "அது இருக்கணுமா, இருந்தாலும் பரவாயில்லையா?"

"இருந்தே ஆகணும்," என்றாள் அம்மா.